இணையவழிப் பாடங்களில் இணைப்புகளையும் பொத்தான்களையும் எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி

இணையவழிப் பாடநெறியில் சேர்ந்த ஒருவர் பாடத்தைத் திறப்பதும், காணொளியை ஓடவிடுவதும், குறிப்புகளைப் பதிவிறக்குவதும், கடைசியில் தேர்வு விடைகளைச் சமர்ப்பிப்பதும் ஏதேனும் ஓர் இணைப்பின் அல்லது பொத்தானின் வழியாகவே நடக்கின்றன. பொதுவான வலைப்பக்கம் ஒன்றில் ஓர் இணைப்பு இயங்காவிட்டால் வாசகர் அதே செய்தியை வேறு தளத்தில் தேடிக்கொள்வார். பாடநெறியில் அந்த வசதி கிடையாது. குறிப்பிட்ட பொத்தானையே, அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள், அவர் அழுத்தியாக வேண்டும். எனவே பாடத்தை உருவாக்குவோர் ஒவ்வொரு இணைப்பையும் பொத்தானையும் பார்த்துக் கேட்க வேண்டியவை இவை: அதன் பெயரைத் தனியாகக் கேட்டாலே அது என்ன செய்யும் என்று புரிகிறதா? சுட்டியைத் தொடாமல் அதை அடைந்து இயக்க முடிகிறதா? இயக்கிய பிறகு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிகிறதா?

இதற்கான அளவுகோல், வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் ஆகும். அதன் 2.0 பதிப்பு 2008-இலும், 2.1 பதிப்பு 2018-இலும், 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வெளிவந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்று நிலைகளில் அதன் விதிகள் அமைந்துள்ளன; ஏ அடிப்படை நிலை, ஏஏஏ மிகக் கடுமையானது. பெரும்பாலான நிறுவனங்கள் ஏஏ நிலையை இலக்காகக் கொள்கின்றன. கீழே வரும் விதி எண்கள் 2.2 பதிப்பைச் சார்ந்தவை.

எது இணைப்பு, எது பொத்தான்

கற்பவரை வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்வது இணைப்பு. இருக்கும் இடத்திலேயே ஒரு செயலைச் செய்வது பொத்தான். அடுத்த பாடம், வாசிப்புக் கட்டுரை, பதிவிறக்க வேண்டிய கோப்பு, அதே பக்கத்தின் இன்னொரு பகுதி ஆகியவற்றுக்கு இணைப்பு வேண்டும். விடையைச் சரிபார்ப்பது, காணொளியை நிறுத்துவது, குறிப்பை விரித்துக் காட்டுவது, எழுதியதைச் சேமிப்பது ஆகியவற்றுக்குப் பொத்தான் வேண்டும்.

கண்ணால் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆனால் பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் ஒவ்வொன்றையும் பெயரோடு சேர்த்து அதன் வகையையும் சொல்கிறது. அந்த வகையைக் கேட்டுத்தான் பயனர் எந்த விசையை அழுத்துவது, அழுத்தினால் பக்கம் மாறுமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறார். பொத்தானை என்டர் விசையாலும் ஸ்பேஸ் விசையாலும் இயக்கலாம். இணைப்பு என்டருக்கு மட்டுமே பணியும். அதன் மேல் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் பக்கம் கீழே நகர்ந்துவிடும். பொத்தான் போல வண்ணம் பூசப்பட்ட இணைப்பு ஒன்று பாடத்தில் இருக்கிறது என்றும், ஆசிரியர் "சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவர், அடுத்த பொத்தானுக்குத் தாவும் 'பி' விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அது அகப்படாது, ஏனெனில் நிரலில் அது பொத்தானே அல்ல.

இதைவிட மோசமானது, தனக்கென வகையோ செயலோ இல்லாத 'டிவ்' அல்லது 'ஸ்பான்' என்ற வெறும் பெட்டியில் எழுத்தை இட்டு, சொடுக்கினால் இயங்கும்படி ஒரு நிரல்துண்டை ஒட்டிவைப்பது. அது சுட்டிக்கு மட்டும் இயங்கும். டேப் விசைக்கு அகப்படாது, திரைவாசிப்பானும் அதைச் சாதாரண எழுத்தாகவே வாசித்துவிட்டுப் போகும். வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் 'பட்டன்' என்ற கூறும், முகவரியுடன் கூடிய 'ஏ' என்ற கூறும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் வகை, விசை, ஃபோகஸ் (விசைப்பலகை இப்போது எந்தக் கூறில் நிற்கிறது என்பது) அனைத்தையும் உலாவியே பார்த்துக்கொள்ளும். ஒரு கூறின் வகை, பெயர், நிலை ஆகியவற்றைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா (ARIA) பண்புகளைக் கொண்டு 'டிவ்' பெட்டியைப் பொத்தானாகக் காட்டவும் வழி உண்டு. ஆனால் அந்தப் பண்பு வகையை மட்டுமே அறிவிக்குமே தவிர விசைகளை இயக்காது, அதற்கான நிரலைத் தனியே எழுத வேண்டும். தேவையற்ற இந்த வேலையை ஏன் இழுத்துப்போட்டுக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இணைப்பில் எந்தச் சொற்களை வைப்பது

நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் முழுமையாகச் சரிசெய்யக்கூடிய பகுதி இதுவே. பலனும் இங்கேதான் அதிகம்.

திரைவாசிப்பான் பயனர்கள் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை எப்போதும் கேட்பதில்லை. என்விடிஏவில் இன்சர்ட் விசையையும் எஃப்7 விசையையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் ஒரு பட்டியலாக வரும்; ஆப்பிள் கருவிகளின் வாய்ஸ்ஓவரில் ரோட்டர் என்ற வசதி இதே பணியைச் செய்கிறது. பக்கத்தில் எல்லா இடங்களிலும் "இங்கே சொடுக்கவும்" என்று எழுதியிருந்தால், அந்தப் பட்டியலில் "இங்கே, இங்கே, மேலும், இங்கே" என்பது மட்டுமே ஒலிக்கும். திரையை மிகவும் பெரிதாக்கிப் பார்ப்பவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே, ஏனெனில் இணைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அவருடைய திரைக்கு வெளியே போய்விடுகின்றன.

தமிழ் வாக்கியத்தில் இதைத் திருத்துவது எளிது. "இரண்டாம் பாடத்தின் பயிற்சித்தாளைப் பதிவிறக்க இங்கே சொடுக்கவும்" என்று எழுதும்போது, சொல்ல வேண்டியதெல்லாம் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. "இங்கே சொடுக்கவும்" என்பதை நீக்கிவிட்டு "இரண்டாம் பாடத்தின் பயிற்சித்தாளைப் பதிவிறக்குக" என்று முடித்து, அந்தத் தொடரையே இணைப்பாக்கினால் போதும். நீண்ட வாக்கியத்தின் நடுவில் வரும் இணைப்பு என்றால் பெயர்த்தொடரை மட்டும் இணைப்பாக்கலாம். முழுப் பத்தியையும் இணைப்பாக்குவது தேவையற்றது, கேட்பதற்கும் சலிப்பூட்டும்.

ஏ நிலையிலுள்ள 2.4.4 விதி, இணைப்பின் நோக்கம் அது இடம்பெறும் வாக்கியம், பத்தி அல்லது பட்டியல் வரியின் துணையோடு விளங்கினால் போதும் என்கிறது. ஏஏஏ நிலையிலுள்ள 2.4.9 விதியோ இணைப்பின் சொற்களே தனித்து நின்று விளங்க வேண்டும் என்கிறது. பாடநெறிகளில் கடுமையான இரண்டாம் விதியையே பின்பற்றலாம் என்பது என் கருத்து. அதற்குக் கூடுதல் செலவோ தொழில்நுட்பமோ தேவையில்லை, எழுதும்போது சற்றுக் கவனம் இருந்தால் போதும்.

பாடநெறிக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. ஒவ்வொரு வாரத்தின் கீழும் "காணொளி", "குறிப்புகள்", "தேர்வு" என்ற அதே மூன்று இணைப்புகள் வரும்படி வார்ப்புருவை அமைத்துவிடுகிறார்கள். பத்து வாரப் பாடநெறியில் "தேர்வு" என்ற பெயரில் பத்து இணைப்புகள், பத்தும் வெவ்வேறு இடங்களுக்குச் செல்பவை. "வாரம் 4: ஒளிச்சேர்க்கை தேர்வு" என்று எழுதினால் குழப்பம் தீரும். வேறுபடுத்திக் காட்டும் சொல் முன்னால் வரட்டும். அப்போதுதான் பட்டியலைக் கேட்டுக்கொண்டே நகர்பவர், தேவையில்லாத வரியை முதல் சொல்லிலேயே கடந்து அடுத்ததற்குப் போக முடியும். மாறாக, ஒரே இடத்துக்குச் செல்லும் இணைப்புக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு பெயர் இடுவதையும் தவிர்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் "பாட அட்டவணை", இன்னொன்றில் "கால அட்டவணை" என்றிருந்தால் இரண்டும் ஒன்றுதானா என்ற ஐயம் எவருக்கும் எழும்.

நீண்ட முகவரியை அப்படியே ஒட்டிவைத்தால் திரைவாசிப்பான் அதன் எழுத்துகளையும் குறிகளையும் எண்களையும் வரிசையாக ஒப்பிக்கத் தொடங்கிவிடும். அச்சிட்டுத் தரும் தாளுக்கு மட்டுமே முகவரி வெளிப்படையாகத் தேவை. இணைப்பு ஒரு கோப்பைத் திறக்கும் என்றால் அதன் வகையையும் அளவையும் இணைப்புக்குள்ளேயே சொல்லுங்கள்: "வாரம் 4 குறிப்புகள், பிடிஎஃப், 3 எம்பி". புதிய தாவலில் திறக்கும்படி அமைப்பதைக் கூடுமானவரை தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அங்கே உலாவியின் பின்செல்லும் பொத்தான் பயன்படாது, பார்வையற்றவருக்குத் தாம் வேறு தாவலில் இருப்பதே தெரியாமல் போகலாம். எழுதிக்கொண்டிருக்கும் தேர்வின் நடுவே ஓர் உதவிப் பக்கத்தைத் திறப்பது போன்ற இடங்களில் புதிய தாவல் நியாயமானதே. அங்கே "புதிய தாவலில் திறக்கும்" என்பதையும் இணைப்பில் சேர்த்துவிடுங்கள். "இணைப்பு" என்ற சொல்லை மட்டும் சேர்க்க வேண்டாம், அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

படத்தையே இணைப்பாக வைக்கும்போது, படத்துக்கான மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் சொற்கள், இணைப்பு செல்லும் இடத்தைச் சொல்ல வேண்டும். வீட்டின் உருவம் முகப்புக்குச் செல்கிறது என்றால் "பாடநெறி முகப்பு" என்பதே சரி, "வீட்டின் படம்" என்பதால் யாருக்கும் பயனில்லை. பாட அட்டைகளில் படத்துக்கு ஓர் இணைப்பும் தலைப்புக்கு அதே இணைப்பு மறுபடியும் இருப்பதைப் பரவலாகக் காணலாம். இரண்டையும் ஒரே இணைப்புக்குள் வைத்து, படத்தின் மாற்று உரையை வெறுமையாக விட்டுவிட்டால் ஒரே பெயரை இரு முறை கேட்க வேண்டியிராது. மாற்று உரையும் எழுத்தும் இரண்டுமே இல்லாத இணைப்புக்குப் பெயரே இல்லை. பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் ஆராயும் வெப்எய்ம் அமைப்பின் அறிக்கைகளில், அடிக்கடி காணப்படும் ஆறு பிழைகளுள் பெயரற்ற இணைப்பும் பெயரற்ற பொத்தானும் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

தமிழில் பாடம் எழுதுவோர் மொழிக்குறியீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்கப்படவில்லையென்றால், திரைவாசிப்பான் தமிழ் எழுத்துகளை வேறு மொழிக் குரலில் சிதைத்து வாசிக்கலாம், அல்லது வாசிக்காமலே தாண்டிவிடலாம். தமிழ்ப் பக்கத்துக்குள் ஆங்கிலக் கட்டுரைத் தலைப்பு இணைப்பாக வந்தால் அந்தத் தொடருக்கு மட்டும் ஆங்கிலக் குறியீடு இடுவது 3.1.2 விதியின்படி தேவையாகும்.

பொத்தானின் பெயரும் நிலையும்

பொத்தானின் பெயர் செய்யப்போகும் செயலைச் சொல்ல வேண்டும். "தேர்வை முடித்துவிடவா?" என்று கேட்கும் பெட்டியில் "ஆம்", "இல்லை" என்று வைப்பதைவிட "தேர்வை முடி", "தேர்வைத் தொடர்" என்று வைப்பது பாதுகாப்பானது, ஏனெனில் கேள்வியைக் கவனிக்காமல் பொத்தானில் வந்து நிற்பவரும் தவறாக அழுத்த மாட்டார்.

உருவம் மட்டுமே உள்ள பொத்தான்களுக்கு, அதாவது பற்சக்கரம், மூன்று புள்ளிகள், பெருக்கல் குறி போன்றவற்றுக்கு, 'ஏரியா-லேபிள்' வழியாகவோ மறைவான உரை வழியாகவோ பெயர் தர வேண்டும். சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் சிறுகுறிப்பை நம்பியிருக்க முடியாது. தொடுதிரையில் அது தோன்றுவதே அரிது. இடம் இருக்குமானால் உருவத்துக்குப் பக்கத்தில் சொல்லையும் எழுதிவிடுவதே மேல், மூன்று புள்ளிகளுக்கு என்ன பொருள் என்று பார்வையுள்ளவர்களும் ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குரலால் கணினியை இயக்குவோர், திரையில் தெரியும் பெயரைச் சொல்லியே பொத்தானை அழுத்துகிறார்கள். திரையில் "விடைகளைச் சமர்ப்பி" என்று எழுதிவிட்டு, நிரலில் 'ஏரியா-லேபிள்' பண்புக்கு "படிவத்தை அனுப்பு" என்று கொடுத்திருந்தால், அவர் சொல்லும் கட்டளைக்கு எதுவும் அசையாது. காணும் பெயர் நிரற்பெயருக்குள் அப்படியே இடம்பெற வேண்டும் என்பது 2.5.3 விதி.

சில பொத்தான்களுக்கு நிலையும் உண்டு. விரிந்து சுருங்கும் பகுதிகளின் பொத்தானுக்கு 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' பண்பைக் கொடுத்து, விரியும்போதும் சுருங்கும்போதும் அதை மாற்ற வேண்டும். வசன வரியை இயக்கி நிறுத்தும் பொத்தானில் 'ஏரியா-பிரெஸ்டு' பண்பை மாற்றலாம், அல்லது பெயரை மாற்றலாம். இரண்டையும் ஒருசேர மாற்றினால் "வசன வரியை நிறுத்து, அழுத்தப்பட்டது" என்று ஒலித்து, வசன வரி ஓடுகிறதா இல்லையா என்பதே விளங்காமல் போகும்.

சுட்டி இல்லாமல் இயக்குதல்

டேப் விசையை அழுத்திக்கொண்டே சென்றால் எல்லா இணைப்புகளையும் பொத்தான்களையும் வாசிக்கும் வரிசையிலேயே அடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உலாவி இயல்பாகவே வரையும் சுற்றுக்கோடு அழகைக் கெடுப்பதாகக் கருதி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அதை ஒரே வரியில் நீக்கிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. சுட்டியால் சொடுக்கும்போது கோடு தெரிய வேண்டாம் என்பதுதான் கவலையென்றால், 'ஃபோகஸ்-விசிபிள்' என்ற தேர்வியைப் பயன்படுத்தி விசைப்பலகைக்கு மட்டும் அதைத் தெரியும்படி வைக்கலாம்.

'டேப்இன்டெக்ஸ்' பண்புக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து வரிசையைச் செயற்கையாக மாற்ற வேண்டாம். பிறகு ஒரு பொத்தானைப் புதிதாகச் சேர்த்தாலே வரிசை முழுவதும் குலைந்துவிடும். பக்கத்தின் மேலோ கீழோ நிலையாக ஒட்டியிருக்கும் பட்டைகள் ஃபோகஸ் உள்ள பொத்தானை முழுவதுமாக மறைத்துவிடக் கூடாது என்பது 2.2 பதிப்பில் புதிதாக வந்த 2.4.11 விதி. வெளியிலிருந்து பொதிந்துவைக்கப்படும் காணொளிகளையும் செய்முறை மாதிரிகளையும் தனியே சோதிக்க வேண்டும், ஏனெனில் அவற்றுக்குள் நுழைந்த ஃபோகஸ் வெளியே வர வழியின்றிச் சிக்கிக்கொள்ளும் குறை அவற்றில் ஏற்படக்கூடும்.

இழுத்துப் பொருத்தும் வினாக்கள் பாடநெறிகளில் நிறைய உண்டு. இவற்றில் விசைப்பலகை வழியை மட்டும் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கை நடுக்கம் உள்ள ஒருவர் சுட்டியையோ தொடுதிரையையோ பயன்படுத்துபவராகவே இருக்கலாம். அவரால் சொடுக்க முடியும், அழுத்திப் பிடித்தபடி இழுக்க முடியாது. 2.5.7 விதி கேட்பது, இழுக்காமல் சொடுக்கியே செய்யக்கூடிய ஒரு வழியை. விடையைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்து, அது போய்ச் சேர வேண்டிய கட்டத்தைச் சொடுக்கினால் பொருந்தும்படி அமைக்கலாம். அல்லது ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் ஒரு தெரிவுப் பட்டியலை வைக்கலாம். இரண்டாவது வழி எளியது, விசைப்பலகைக்கும் திரைவாசிப்பானுக்கும் சேர்த்தே பொருந்துகிறது.

நிறம், அளவு, எழுத்து

பொத்தானின் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் வேண்டும். 18 புள்ளி அளவும் அதற்கு மேற்பட்ட எழுத்துகளுக்கும், 14 புள்ளி தடித்த எழுத்துகளுக்கும் 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் நிறம் 4.48 விகிதத்தில் தவறிவிடுகிறது, #767676 தேறிவிடுகிறது. ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கருவியால் அளந்துவிடுங்கள். பத்திக்குள் வரும் இணைப்பை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் அடிக்கோடு இடுவதே சிறந்தது. இணைப்பல்லாத சொல்லுக்கு அடிக்கோடு இடுவதையும் அத்துடன் கைவிட வேண்டும்.

அழுத்தும் பரப்பு குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்பது ஏஏ நிலை. அதைவிடச் சிறியது என்றால் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும், வாக்கியத்தின் நடுவே வரும் இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஏஏஏ நிலை கேட்பது 44க்கு 44. பாடநெறியைக் கைப்பேசியில் படிப்பவர்களை எண்ணி, முதன்மையான பொத்தான்களுக்கேனும் 44 அளவைக் கொடுப்பது நியாயம். தமிழ்ச் சொற்கள் பொதுவாக நீளமானவை என்பதால் பொத்தானின் அகலத்தைப் பிக்சலில் இறுக்கிவிடக் கூடாது. உயரத்தையும் இறுக்கினால் மேலே வரும் புள்ளியும் கொக்கியும், கீழே இறங்கும் உகரக் குறிகளும் வெட்டுப்பட்டுவிடும். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் இந்தக் குறை உடனே தெரியும்.

சமர்ப்பிக்கும் பொத்தான்

தேர்வு விடைகளைச் சமர்ப்பிப்பதற்கென்றே ஒரு விதி பேசுகிறது என்பதைப் பாடநெறியை வடிவமைப்போர் பலர் அறிவதில்லை. ஏஏ நிலையிலுள்ள 3.3.4, சட்ட ஒப்பந்தங்களையும் பண வழங்கல்களையும் சொல்லும் அதே மூச்சில் தேர்வு விடைகளையும் சேர்த்துக்கொள்கிறது. சமர்ப்பித்ததைத் திரும்பப் பெற முடிய வேண்டும், அல்லது பிழைகளைச் சோதித்துத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும், அல்லது இறுதியாக அனுப்பும் முன் விடைகளைப் பார்த்து உறுதிசெய்ய ஒரு படி இருக்க வேண்டும்; இவற்றில் ஒன்றேனும் தேவை. விடையளிக்காத வினாக்களைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் "வினா 7-க்குத் திரும்பு" என்று இணைப்புத் தரும் உறுதிப் பக்கமே மூன்றிலும் பயனுள்ளது.

உறுதிப் பெட்டி திறக்கும்போது ஃபோகஸ் அதற்குள் செல்ல வேண்டும். மூடும்போது, அதைத் திறந்த பொத்தானுக்கே திரும்ப வேண்டும். சமர்ப்பித்த பின் திரையின் மூலையில் பச்சை நிறப் பட்டை தோன்றி மறைவது மட்டும் போதாது. "விடைகள் பெறப்பட்டன" என்ற செய்தியை 'ஸ்டேட்டஸ்' என்ற ஏரியா வகையுடன் இட்டால், ஃபோகஸை நகர்த்தாமலே திரைவாசிப்பான் அதை அறிவிக்கும். அந்த அறிவிப்பு இல்லாதபோது, வேலை முடிந்ததா என்று தெரியாத மாணவர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவார்.

காணொளி முடியும்வரை "அடுத்த பாடம்" என்பதை மங்கலாக்கி முடக்கிவைக்கும் தளங்கள் உண்டு. 'டிஸேபிள்டு' பண்பால் முடக்கிய பொத்தானை டேப் விசை தாண்டிச் சென்றுவிடும் என்பதால், அப்படி ஒரு பொத்தான் இருப்பதையே சிலர் அறியமாட்டார்கள். பொத்தானை இயங்கும் நிலையிலேயே வைத்து, அழுத்தினால் "காணொளியை முழுவதும் பார்த்த பின் அடுத்த பாடம் திறக்கும்" என்று காரணத்தைச் சொல்வதே நல்லது. உள்நுழைவு நேரம் முடிந்து வெளியேற்றப்படும் தளமாக இருந்தால், குறைந்தது 20 விநாடி முன்னதாக எச்சரித்து, ஒரே பொத்தானால் நேரத்தை நீட்டித்துக்கொள்ள இடம் தர வேண்டும். காலவரையறை தேர்வின் இன்றியமையாத பகுதி என்றால் அதற்கு விதிவிலக்கு உண்டு. அப்போதும் கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்ட மாணவருக்குத் தளத்தின் அமைப்பில் அதைத் தனியே கொடுத்துவைக்க வேண்டியது ஆசிரியரின் பொறுப்பு.

சோதித்துப் பார்த்தல்

சுட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, பாடநெறியில் நுழைவதிலிருந்து ஒரு தேர்வைச் சமர்ப்பிப்பதுவரை டேப், என்டர், ஸ்பேஸ், அம்பு விசைகளை மட்டும் கொண்டு சென்று பாருங்கள். பிறகு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை நிறுவி, ஒவ்வொரு பக்கத்தின் இணைப்புப் பட்டியலையும் பொத்தான் பட்டியலையும் திறந்து, பக்கத்தைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் கேளுங்கள். வேவ், ஆக்ஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் பெயரற்ற பொத்தானையும் குறைந்த நிற வேறுபாட்டையும் கண்டுபிடித்துவிடும். ஆனால் தமிழில் "இங்கே" என்ற பெயருள்ள இணைப்பு அவற்றுக்குக் குறையாகத் தெரியாது, அதற்கொரு பெயர் இருக்கிறதல்லவா.

ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பெரிய பாடநெறியில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்த இயலாது. மதிப்பெண்ணோடு தொடர்புடைய பொத்தான்களை முதலிலும், எல்லாப் பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வரும் வார்ப்புருவை அடுத்தும், தனித்தனிப் பக்கங்களின் இணைப்புச் சொற்களை அதன் பின்னரும் எடுத்துக்கொள்ளலாம். கற்றல் தளத்திலேயே உள்ள குறை என்றால் எந்தப் பக்கம், எந்த விசை, எந்தத் திரைவாசிப்பான், எந்த விதி எண் என்று குறிப்பிட்டுத் தள நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அது திருத்தப்படும்வரை அந்த வினா வகையைத் தவிர்த்து, எளிய தெரிவு வினாக்களைப் பயன்படுத்துங்கள். அதற்கும் வழியில்லாத இடத்தில், மாற்று முறையில் விடையை அனுப்புவதற்கான விவரத்தை, தேர்வு தொடங்கும் பக்கத்திலேயே, தொடங்கும் பொத்தானுக்கு முன்னால் எழுதிவையுங்கள்.